ஆலா கரைக்கு வந்த வாரம்

செவ்வாய். மார்கழியில் இப்படி ஒரு புழுக்கம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கருவாடு காயப் போட்டுக் காக்காய் விரட்டும்போது, காக்காயைத் திட்டுகிற சாக்கில் மாமியாரைத் திட்டுவேன். இன்று திட்ட முடியவில்லை. ஒரு காக்காய்கூட வரவில்லை.

கரை மணலில் ஆலாப் பறவைக் கூட்டம். மீன் இருக்கிற இடத்துக்கு மேலேதான் ஆலா சுற்றும், அதைப் பார்த்துத்தான் இவர்கள் வலை விடுவது. இவரும் என் தம்பியும் வலை தைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் சும்மா இருக்காமல், "ஏங்க, ஆலா கரையாண்ட வந்து குந்திக்கினு இருக்குது. மீனே ஊட்டாண்ட வந்துடுச்சு, நீங்க ஊசி கோத்துக்கினு இருங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போட்டைத் தள்ளினார்கள்.

ராத்திரி வரவில்லை.

புதன். காற்றே இல்லை. சோறு இறங்கவில்லை.

காலையில் ஆலா எல்லாம் எழுந்து பனைமரத்துக்கு மேலே மேற்கே போனது. சத்தமே இல்லை. கழுவெளிச் சதுப்பில் நாரை இல்லை, கொக்கு இல்லை.

திண்டிவனத்தில் இருந்து தங்கச்சி போன். "அக்கா, உங்க கடல் பறவைங்க எங்க ஏரில வந்து கெடக்குது. வெறட்டனாலும் போவல."

"விருந்தாளிடி, கேப்பைக் கூழ் ஊத்து" என்று வைத்துவிட்டேன். மீன் தேடி வந்த பறவை ஏன் திண்டிவனம் போகிறது?

சாயங்காலம் மைக் கட்டின ஆட்டோ. புயல் வருகிறதாம், கடலுக்கு யாரும் போகக் கூடாதாம்.

"போனவங்களுக்கு என்னாங்க சொல்றீங்க?"

"அவங்களுக்கு மைக்கு எட்டாதும்மா."

வியாழன். வாடைக் காற்று, மணல் அடிக்கிறது. அலை மேடு வரைக்கும்.

தம்பி பெண்டாட்டி வள்ளியோடு விடியலில் இருந்து கரையில். சொல்லிவிட்டேன். "நான்தான்டி அனுப்பினேன்."

"தெரியும்க்கா. அக்கா வாயால சொன்னா மீனு கெடைக்கும்னு சொல்லிக்கினுதான் போனாரு."

நான் எழுந்து அலை ஓரமாய்ப் போய் நின்றேன்.

பத்து மணிக்குப் போட் தெரிந்தது. இரண்டு தலை. மூன்று தடவை எண்ணினேன், இரண்டுதான்.

நேற்று பகலெல்லாம் எஞ்சின் மக்கராம். இவர் முகம் வெளுத்து இருந்தது. "மீனும் இல்ல, மேல ஒரு பறவையும் இல்லடி. அவ்ளோ பெரிய வானம், ஒண்ணுகூட இல்ல. எஞ்சின் கெளம்பினதும் பயந்துக்கினு ஜல்தியா திரும்பிட்டோம்."

திட்ட நிறைய வைத்திருந்தேன். அலை ஏறிக்கொண்டு இருந்ததால் எல்லாரும் சேர்ந்து போட்டை மேட்டுக்கு இழுத்தோம். மேட்டில் அவர்கள் போட்டை இறக்கி வைத்த இடம் என் வலது கால். சுண்டுவிரல் நகம் போய்விட்டது.