ஷோயபுக்குக் கஞ்சி எதில் காய்ச்சுவது

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தபஸ்ஸுமுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளை ஹஸனும் குழந்தை ஷோயபும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், மெசேஜ் அனுப்பினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். போன வாரம் ஷோயபுக்குக் கண்ணில் சுர்மா மை போடுவதை உடனே நிறுத்து, பிறகு சொல்கிறேன் என்று அனுப்பியிருந்தேன். நீயும் ஏன் என்று கேட்காமல் சரி என்று பதில் போட்டாய். ஏன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

குழந்தையின் ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நீ அழுதுகொண்டே சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் நீ கஞ்சி காய்ச்சும் ஸ்லோ குக்கரைத் தவிர வேறு பேச்சில்லை. நீ நெட்டில் படித்ததையெல்லாம் நானும் படித்தேன். உள்ளே இருக்கும் பாத்திரம் எவ்வளவு பளபளத்தாலும் அது மண்தான், அதன்மேல் பூசும் மெருகில் சிலர் காரீயமும் காட்மியமும் சேர்ப்பதுண்டு, பழசாகிக் கீறல் விழுந்த பிறகு தக்காளி, புளி போட்டு மணிக்கணக்கில் வேகவிட்டால் அது சாப்பாட்டில் இறங்கலாம் என்கிறார்கள். எல்லாக் குக்கரிலும் இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை. உன்னுடையதில் இறங்கியதா என்று யாரும் சோதிக்கவுமில்லை. மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கும் அறையிலேயே காலத்தைக் கழித்தவன் நான், சோதிக்காமல் எதையும் கெட்டது என்று எழுத எனக்குக் கை வராது. உன் அம்மாவுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. வேலைக்குப் போறவளுக்கு அடுப்பாண்ட நிக்க நேரமில்ல, ராத்திரி பூரா அது தன்னால கொதிச்சிக்கினு கீது, அப்புறம் புள்ள ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும் என்று அடுத்த வீட்டு அன்வரி பேகத்திடம் சொல்லி, அன்வரி பேகம் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. நீ குக்கரைக் கட்டி மூலையில் போட்டுவிட்டாய் என்று தெரிந்ததும்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. ஆனால் இரண்டாவது டெஸ்டில் அளவு இறங்கவில்லை, ஏறியிருந்தது. அன்றிலிருந்துதான் எனக்குச் சந்தேகம்.

அதற்குள் உன் அம்மா மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட பள்ளத்தையெல்லாம் தாண்டி மாட வீதிக்குப் போய் ஒரு மண்சட்டியும், தி. நகருக்குப் போய் அடிகனமான எவர்சில்வர் பாத்திரமும் வாங்கிவந்தாள். பார்சல் கட்டும் முன் இரண்டையும் அடையாறில் இருக்கும் ஒரு லேபில் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று நான் எடுத்துக்கொண்டு போனேன். சட்டிக்குமா டெஸ்டு, ஒனக்கு வேற வேல இல்லியா என்று கேட்டாள். அந்த லேபில் வைதேகி என்று ஒரு கெமிஸ்ட், சின்ன வயசுதான், யாருக்காக இந்தச் சோதனை என்று விசாரித்தார். சொன்னேன். பாத்திரம் கெடக்கட்டும் சார், குழந்தைக்கு உள்ளுக்குக் குடுக்கறது, மேல பூசறது என்னென்ன என்று கேட்டார். நானும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணுக்குச் சுர்மா என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, அதைத்தான் முதல்ல கொண்டாங்க என்றார். வீட்டில் மிச்சமிருந்த டப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்சட்டியில் ஒன்றுமில்லை. எவர்சில்வரில் ஒன்றுமில்லை. சுர்மாவில் பாதிக்கு மேல் காரீயம். குழந்தை கண்ணைக் கசக்கிவிட்டு அதே கையை வாயில் வைக்கிறது, வேறு வழியே தேவையில்லை என்றார் அந்தப் பெண். ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், உன் டாக்டரிடம் காட்டு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அந்தக் குக்கர் விஷயத்தில் அப்படித்தான் ஆகியிருக்கிறது போலிருக்கிறது.

அந்தச் சுர்மா கடையில் டப்பியாக வாங்கியது இல்லை என்பது உனக்குத் தெரியும். கடைச் சுர்மாவில் கண்டதையும் கலப்பான் என்று உன் அம்மாதான் கல்லாக வாங்கி, பன்னீர் விட்டு, மாவாகும்வரை தானே அரைத்து, மெல்லிய துணியில் சலித்து அனுப்பினாள். கலப்படம் ஒன்றுமில்லைதான், அந்தக் கல்லே காரீயக் கல். ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னேன். முதலில் சண்டைக்கு வந்தாள். நானும் போட்டேன், எங்கம்மாவும் போட்டாங்க, தபஸ்ஸுமுக்கும் போட்டுத்தான் வளத்தேன், அவளுக்கு இன்னா கொறஞ்சி போச்சு என்றாள். உன்னை அந்த வயதில் யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை என்றேன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்போ புள்ளைக்கு நான்தான் குட்த்தனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அவள் ஸ்லோ குக்கர் பேச்சை எடுக்கவில்லை. நீ வீடியோவில் கூப்பிட்டால் அடுப்பில் வேலையிருக்கிறது என்று உள்ளே போய்விடுகிறாள், அங்கே அடுப்பு எரிவதில்லை. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பாத்திரம் இரண்டும் தனிப் பார்சலில் வருகிறது. ஷோயபுக்குக் கஞ்சி எவர்சில்வரிலேயே காய்ச்சு, அரிசியையும் பருப்பையும் காலையில் ஊறப்போட்டுவிட்டுப் போனால் வந்ததும் அதில் சீக்கிரம் வெந்துவிடும். நோன்புக் கஞ்சிக்கும் அதுவே போதும். தக்காளி, புளி எதுவானாலும் அலுமினியத்தில் வேண்டாம். இன்னொரு மண்சட்டி வேண்டுமென்றால் மெருகு பூசாததாகப் பார்த்து வாங்கு. ஸ்லோ குக்கர்தான் வசதி என்றால் உள்பாத்திரம் எவர்சில்வரில் வருவது கிடைக்கிறதா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். பழையதை யாருக்கும் தானமாகக் கொடுத்துவிடாதே, சந்தேகப்பட்ட பொருளை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மிச்சச் சுர்மா இருக்கும் சுர்மாதானியைக் குழந்தைக்கு எட்டாமல் கட்டிவைத்து, எப்படி அப்புறப்படுத்துவது என்று டாக்டரிடம் கேள். தலையணை உறை, துணி எல்லாவற்றையும் துவைத்துவிடு. அடுத்த டெஸ்டு எப்போது என்று எனக்குத் தெரியப்படுத்து. டாக்டர் சொல்லும் இரும்புச் சத்து மருந்தை விடாமல் கொடு. சீக்கிரம் கண்டுபிடித்ததால் இறங்கிவிடும் என்று நம்புகிறேன்.

ஷோயபுக்கும் உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் தருவானாக. ஒன்று மட்டும் மறக்காதே. ஷோயபைப் பார்க்க அடுத்த மாதம் வருவதற்கு உன் அம்மாவுக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டாள். என் கைய நம்பி இனிமே யாரு புள்ளையக் குடுப்பாங்க என்றாள். ரத்து செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், செய்யவில்லை. அம்மா வர வேண்டாம் என்றால் எனக்குச் சொல். வரட்டும் என்றால் அவளுக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தா
அப்துல் வஹீத்