கையில் விழுந்த குதிரை

1. கீழே ஒப்பமிடும் நான், முன்னர் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தவன். இப்போது இலண்டன் எட்மண்டனில் வசித்து, ஒரு சட்ட அலுவலகத்தில் அகதி மனுக்களுக்கு வாக்குமூலம் எழுதுகிறவன்.

2. இதில் நான் கண்டதைக் கண்டதென்றும், ஊகித்ததை ஊகமென்றும் சொல்லுவேன்.

3. இது நண்பரான உமக்கு எழுதப்படுகிறது. நீர் இறந்து ஓராண்டு கடந்துவிட்டதை அறிந்தே எழுதுகிறேன்.

இனி எண் வேண்டாம். எண் போட்டுப் பேசினால், "என்ன ஐசே, வழக்கோ?" என்று கேட்பீர்.

நேற்று மாலை பஸ்ஸின் மேல்தட்டில், எனக்கு முன்னால் இருந்த பெண் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். சூட்டில் ஊறிய வினாகிரியின் புளித்த மணம் எழுந்தது. என் தரிப்பிடம் வருவதற்கு முன்பே இறங்கி மழையில் நடந்தேன். எனக்கு அது சாப்பாட்டு மணமாகப் படவில்லை. உமது படப்பெட்டியின் மணம். பழைய படச்சுருள் கெடும்போது வினாகிரி மணக்கும் என்பதை உம்மிடந்தான் அறிந்தேன். "மூக்கைக் கிட்டக் கொண்டு வாரும். படம் புளிக்குது," என்றீர்.

ஜேர்மனியிலிருந்து இங்கே குடிவந்தபோது படம் காட்டும் புரொஜெக்டரையும் சுமந்து வந்தவர் நீர். வாரநாட்களில் பெற்றோல் நிலையத்தில் காசாளர். மாதத்தில் ஒரு ஞாயிறு, தேவாலயப் பூசை முடிந்தபின், பங்கு மண்டபத்தில் முதியவர்களுக்குப் படம் காட்டுவீர். எல்லாம் பேசாப் படங்கள். வீட்டில் டிவிடி இருந்தும் அவர்கள் வந்தது உமது வாய்க்காக. கருவிக்குப் பக்கத்தில் நின்று, திரையில் வாயசைக்கும் வெள்ளைக்காரருக்கெல்லாம் யாழ்ப்பாணத் தமிழ் கொடுப்பீர். தடியோடு துரத்தும் பொலிஸ்காரன், "நில்லடா! கவுன்சில் டாக்ஸ் கட்டினனியோ?" என்பான். தொப்பியைத் தொலைத்த கனவான், "ஐயோ, மனிசி கேட்டால் என்ன சொல்லுவன்?" என்பான். முன்வரிசையில் றீற்றா அக்கா சிரித்துச் சிரித்து இருமுவார். "போதும் தம்பி, எனக்கு ஆஸ்மா!" என்று கும்பிடுவார்.

நான் சொல்ல வந்த குதிரைச் சுருளும் சிரிப்புப் படந்தான். பழைய சாமான் விற்கும் கார்பூட் சந்தையில் வாங்கிய தகரப் பெட்டி. தலைப்பு ஒட்டியிருந்த தாள் கிழிந்திருந்தது. ஒரு குதிரைவண்டி சரிவில் பாய்ந்து வருகிறது. திடீரென்று குதிரையின் முன்னங்கால்கள் இரண்டும் மடிய, அது குப்புற விழுகிறது. வண்டியோட்டி பறந்துபோய் வைக்கோற்போருக்குள் விழுகிறான். முதல் தடவை மண்டபமே அதிரச் சிரித்தது. "குதிரைக்கும் ஷிப்ட் முடிஞ்சுது!" என்று நீர் சொன்னீர்.

அடுத்த வாரம் என்னை வீட்டுக்கு அழைத்துச் சுருளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர். பூதக்கண்ணாடியை என் கையில் தந்தீர்.

"காலைப் பாரும். ஒரு கோடு தெரியுதோ?"

"கீறலாயிருக்கலாம்."

"கீறல் எண்டால் ஒரு படத்தில இஞ்சை நிக்கும், அடுத்ததில அங்கை நிக்கும். இது காலோடயே போகுது. கம்பி, ஐசே. ஓடவிட்டு இழுத்திருக்கிறாங்கள்."

ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். மறுக்க வழியில்லை. விழுந்த குதிரை தலையைத் தூக்குகிறது; தலை திரும்பவும் சரிகிறது. அத்தோடு காட்சி வெட்டப்பட்டு, வண்டியோட்டி வைக்கோலைத் தட்டிக்கொண்டு எழுகிறான்.

"செத்துப்போச்சு," என்றீர்.

"அது படத்தில இல்லை. எழும்பிச்சோ என்னவோ."

"நீர் மனிசனோ, நீதவானோ?"

அதன் பிறகு அந்தப் படத்தைப் போடும்போதெல்லாம், வண்டி சரிவுக்கு வந்ததும் உமது கை வெளிச்சத்துக்குக் குறுக்கே போகும். திரை இருளும். "கையை எடும் தம்பி, புதினமே அங்கைதான்!" என்று பின்வரிசையிலிருந்து எமில் அண்ணை கத்துவார். "குதிரை தேத்தண்ணி குடிக்கப் போட்டுது, இப்ப வரும்," என்பீர். மண்டபம் அதற்குச் சிரிக்கும். வண்டியோட்டி எழும்போது கை விலகும்.

பஸ் தரிப்பிடத்தில் இதற்காக உம்மோடு சண்டை பிடித்தேன். "கம்பி கட்டினவனுக்குப் பேரில்லை. வழக்கில்லை. நடந்ததுக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்தக் கொஞ்சப் படம். அதையும் நீர் மறைக்கிறீர்," என்றேன். படப்பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினீர். பிறகு சொன்னீர்: "இந்தச் சனம் ஊரில சண்டைக்குள்ள கண்டது போதாதோ? சிரிக்க வருதுகள், சிரிக்கட்டும். ஆனால் அதுக்குச் சிரிக்க விடமாட்டன்."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு நீர் போய்விட்டீர். பெட்டியும் கருவியும் என்னிடம் வந்தன.

உமது ஆண்டு நினைவுப் பூசைக்கு முன் றீற்றா அக்கா தொலைபேசியில் கேட்டார்: "அவரின்ர படம் ஒண்டு போடுமன் தம்பி. அந்தக் குதிரைவண்டிப் படம்." பெட்டியைத் திறந்தேன். சுருள் சுருங்கி, ஓரங்கள் நெளிந்திருந்தன. இன்னொரு முறை ஓடும், அதற்குமேல் உறுதியில்லை. ஆகவே நான் செய்வது எதுவோ அதுவே முடிவு. குசினிக்கும் கூடத்துக்கும் இடையே நடந்து இரு தரப்புக்கும் நானே வாதாடினேன். தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

அன்று மண்டபத்தில், விளக்கை அணைக்குமுன் இரண்டு வசனம் மட்டும் சொன்னேன்: "இதில ஒரு குதிரை விழும். அது நடிப்பில்லை, காலில கம்பி கட்டி விழுத்தினது." உமது வாய் எனக்கு வராது, படம் தன் பாட்டில் ஓடியது. வண்டி சரிவை நெருங்கியபோது, "இப்ப கையை வைப்பார்," என்று எமில் அண்ணை மெல்லச் சொன்னார். என் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன.

குதிரை விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"எழும்புமோ தம்பி?" என்று இருளில் றீற்றா அக்கா கேட்டார்.

"தெரியாது அக்கா. படத்தில இல்லை."

அதன்பின் வண்டியோட்டிக்கும் சிரிப்பில்லை, அவனைத் துரத்திய பொலிஸ்காரனுக்கும் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். வாசலில் கோட்டுப் பொத்தானைப் பூட்டியபடி றீற்றா அக்கா, "நீர் சொன்னது சரிதான். ஆனால் அந்த மனிசன் இருந்தால் கையை வைச்சிருக்கும்," என்றார். அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

எல்லோரும் போனபின் சுருளை மீண்டும் ஏற்றினேன். அது தாங்காதென்று தெரியும். ஆனாலும் உமது கை என்ன செய்தது என்று அறியாமல் வீடு போக முடியவில்லை. நீர் வைக்கும் இடத்திலேயே என் கையை வைத்தேன். திரை இருண்டது. அப்போதுதான் உள்ளங்கையைப் பார்த்தேன். தெளிவான உருவமில்லை, மங்கலான வெளிச்சந்தான். ஆனால் அந்த வெளிச்சம் ஓடிவந்தது, மடிந்தது, ஒருமுறை தலை தூக்கியது. அது சூடாகவும் இருந்தது.

நாங்கள் இருண்ட திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது நீர் எப்போதும் கையையே பார்த்துக்கொண்டு நின்றீர். அதைக் கண்டிருக்கிறேன். எப்போது எடுப்பதென்று பார்க்கிறீர் என எண்ணியிருந்தேன். இனி வருவது ஊகம்: நீர் மறைக்கவில்லை. சிரிக்காத ஒருவர் மட்டும் பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அதை விழவிட்டீர்.

தலை இரண்டாம் முறை சரிந்த இடத்தில் படம் அறுந்தது. ஒட்டுவதற்கு எடுத்தேன், விரலில் நொறுங்கியது.

சான்றுப் பொருள் அழிந்தால், கண்டவர்களின் சொல்தான் மிச்சம். என் தொழிலே அது. ஆகவே இந்தத் தாளோடு இருவரிடம் போனேன்.

"குதிரைக்கோ கையெழுத்து?" என்றார் றீற்றா அக்கா.

"ஓம் அக்கா."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கை வைக்கிறது?" என்றார்.

எமில் அண்ணை முழுவதையும் வாசித்தார். "வழக்குக்குக் கூப்பிடுவாங்களோ?"

"மாட்டாங்கள் அண்ணை."

"கூப்பிட்டால் சொல்லும். வாறன்."

என் வலது உள்ளங்கையில் அந்தச் சூடு இன்னும் இருக்கிறது. நேற்று மழையில் நடந்தபோதும் ஆறவில்லை. அதை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்: பெயர் தெரியாத ஒரு குதிரை, பிறர் சிரிப்பதற்காக வீழ்த்தப்பட்டது. காலில் கம்பி இருந்ததை நான் கண்டேன். அது விழுந்ததையும் தலை தூக்கியதையும் மூவரும் கண்டோம். அது எழுந்ததை எங்களில் எவரும் காணவில்லை.

ஒப்பம்: செ. அருளப்பு
எட்மண்டன், இலண்டன்

சாட்சிகள்:
றீற்றா மரியநாயகம்
எமில் பத்திநாதர்