தெருப்பக்கச் சன்னலும் நான் சொல்லாமல் விட்டதும்

அனுப்புநர்:
ஆன்செல்ம் பிரூனெல் (வயது 79),
ஓய்வுபெற்ற நில ஆவண எழுத்தர்,
14, தனூர் தெரு, வெர்னசாக்.

பெறுநர்:
உட்கோட்ட ஆட்சியர் அவர்கள்,
வெளிநாட்டவர் குடியிருப்பு அனுமதிப் பிரிவு.

பொருள்: 16, தனூர் தெருவில் வசிக்கும் பிரேசில் நாட்டவர் செல்வி லுசியானி ப்ராகாவின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததன் மீதும், அதற்கு ஆதாரமான விசாரணை அறிக்கை மீதும், அதிலுள்ள என் வாக்குமூலத்தின் மீதும் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

எந்த அலுவலகத்தின் மீதும் நான் இதுவரை புகார் எழுதியதில்லை. இந்த மனுவையும் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நவம்பர் 5-க்குள் செல்வி ப்ராகா நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதால் நான்காவதை அனுப்புகிறேன்.

1. அவர் கடந்த டிசம்பரில் என் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்தார். பாலங்களின் வரைபடங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. நிறுவனம் பிரேசிலில் இருக்கிறது. அவர் இங்கிருந்தே கணினி வழியாக வேலை செய்கிறார். அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே மதிய உணவு முடிந்திருக்கும். அப்போது மேசையில் உட்கார்ந்தால் மாலைவரை எழுவதில்லை.

2. மேசை இருப்பது தெருப்பக்க அறையில். மேற்கு வெயில் கணினித் திரையில் விழுவதால் அந்தச் சன்னலின் வெளிக்கதவுகளை அவர் திறப்பதே இல்லை. என் முற்றத்தை ஒட்டிய பின்புற முற்றத்துச் சன்னல்கள் நாள் முழுதும் திறந்திருக்கும். போக வர ஆற்றுப்பக்க வாசலையே பயன்படுத்துகிறார். எங்கள் ஊரில் விடிந்தும் தெருப்பக்கச் சன்னலைத் திறக்காத வீடு, ஒன்று ஆளில்லாத வீடு, இல்லையென்றால் துக்க வீடு. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எதிர்வீட்டு திருமதி சொலாஞ்ச் பெர்தோ கோடையிலேயே என்னிடம், "பதினாறாம் நம்பர் எழவு வீடு மாதிரி சாத்தியே கெடக்குது. பேருக்கு இங்க வாடகையக் கட்டிட்டு மகராசி பாரிஸ்ல சுத்திக்கிட்டிருப்பா" என்றார். நான் மறுக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

3. அவர் உண்மையிலேயே இங்கே வசிக்கிறாரா என்று விசாரிக்க, நகரமன்றக் காவலர் திரு. கூர்தெய் செப்டம்பர் 9, 11, 16 ஆகிய மூன்று நாட்களும் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து மணியடித்தார். அந்த நேரத்தில் செல்வி ப்ராகா காதில் ஹெட்போனுடன் வீடியோ கூட்டத்தில் இருப்பார். மூன்று முறையும் "ஆள் இல்லை" என்று பதிவாயிற்று. மூன்றாம் நாள் காவலர் என் கதவைத் தட்டி, தெருப்பக்கச் சன்னல் திறந்திருந்து பார்த்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். முற்றத்துப் பக்கம் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "ஐயா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு" என்றார். நிறுத்திக்கொண்டு, அவர் நீட்டிய வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன்.

4. முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் நில ஆவணங்களை எழுதியவன். படிவத்தின் ஒரு கட்டத்தில் என்ன கேட்கப்பட்டதோ அதை மட்டுமே நிரப்புவது எங்கள் முறை. அன்று நான் வாயை மூடியது அந்தப் பழக்கத்தாலா, சீருடையைக் கண்ட பயத்தாலா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. பயமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

5. அவர் இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று காரணம் காட்டி மறுப்புக் கடிதம் அக்டோபர் 6 அன்று வந்தது. கடினமான சொற்களுக்குப் பொருள் கேட்க அவர் அதை என்னிடமே கொண்டுவந்தார். இரண்டாம் பக்கத்தில், "அண்டை வீட்டார் ஒருவரும் உறுதிசெய்கிறார்" என்றிருந்தது. அந்த அண்டை வீட்டார் நான்தான் என்று சொன்னேன். அவர் கடிதத்தை மடித்தார். பிறகு, "உங்க மேல கோவம் இல்ல, மெஸ்யே பிரூனெல். நீங்க பொய் சொல்லலையே. ஆனா பத்து மாசமா செவுத்துக்கு அந்தப் பக்கம் நீங்கதான இருந்தீங்க?" என்றார். இந்த மனு அதற்கான பதில்தான்.

6. என் வார்த்தையை மட்டும் நம்பும்படி கேட்க எனக்குத் தகுதியில்லை. ஆகவே ஒரு நோட்டை இணைத்துள்ளேன். என் முற்றத்தில் மழைமானி ஒன்று உண்டு. தினமும் காலை எட்டு மணிக்கு அளவெடுத்து எழுதுவேன். கண் அறுவை சிகிச்சைக்காக மே 12 முதல் 19 வரை நான் மருத்துவமனையில் இருந்தபோது எனக்காக அளவெடுத்தவர் செல்வி ப்ராகா. அந்த எட்டு வரிகளும் அவர் கையெழுத்து. மே 15 அன்று "11 மி.மீ., உங்கள் தக்காளிச் செடி ஒன்று சாய்ந்தது, கட்டிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். இங்கே வசிக்காத ஒருவர் இதை எழுதியிருக்க முடியாது.

7. ஆகவே, நான் அளித்த வாக்குமூலத்தை முழுமையற்றது என்று ஒதுக்கி வைக்கவும், ஆற்றுப்பக்க வாசல் வழியாக மறுவிசாரணை நடத்தவும், அதுவரை நவம்பர் 5 என்ற கெடுவை நிறுத்தி வைக்கவும் பணிவுடன் கோருகிறேன். விசாரணைக்கு வரும் அலுவலர் எந்த நேரமும் என் வீட்டு மணியை அடிக்கலாம். நானே முற்றம் வழியாக அழைத்துச் செல்வேன். கையெழுத்திட்ட வாக்குமூலத்தைத் திருத்துவது குற்றமென்றால், தண்டனை என் பெயருக்கு வரட்டும்.

நேற்று முதல் அவர் பெட்டி கட்டுகிறார். டேப்பைக் கிழிக்கும் சத்தம் சுவர் வழியே கேட்கிறது. பொறுத்திருங்கள் என்று அவரிடம் சொல்ல என் கையில் எதுவும் இல்லை. தங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் போதும், அன்றே அதைக் கொண்டுபோய் அவர் கதவைத் தட்டுவேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஆன்செல்ம் பிரூனெல்

இடம்: வெர்னசாக்
நாள்: அக்டோபர் 21

இணைப்பு: மழை அளவு நோட்டு, ஒன்று.