பெட்டிக்குள் இருந்த சாமி

இன்று தலைநகரின் துவாரகா பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு மாம்பழப் பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் வைக்கோல் வாசனை. அவ்வளவுதான் நண்பா, நான் நம் பழைய லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில், உன் பக்கத்தில், கையில் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தேன்!

எழுபதுகளின் கடைசி. குவார்ட்டர்ஸ் பூங்கா வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு கோயில் வேண்டும் என்று நம் தமிழ்க் குடும்பங்கள் கூடின. நீ திருச்செந்தூர்க்காரன், முருகன் என்றாய். நான் பெருமாள் என்றேன். ஒரே அலுவலகம், ஒரே பஸ். இருந்தும் ஒரு மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள், முருகன் ஜெயித்தார். உன் மகள் டைபாய்டில் கிடந்தபோது நீ நேர்ந்துகொண்ட முருகன். எனக்கு உள்ளூரக் கசப்புதான். ஆனாலும் சிலை ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிவிட்டது என்றதும் பார்சல் ஆபீசுக்கு உன்னோடு நானும் ஓடிவந்தேன்.

டெம்போவிலிருந்து இறக்கி, ஆணிகளைப் பிடுங்கி, வைக்கோலை வாரி எறிந்தோம். வேல் தெரியவில்லை. தும்பிக்கை தெரிந்தது!

சிற்பக்கூடத்தில் பெட்டி மாறிப்போயிருந்தது. “திருப்பி அனுப்பிடலாம் சார்” என்றார் கமிட்டிச் செயலாளர். உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். அப்போது பக்கத்து பிளாக் பஞ்சாபி அம்மாள் எட்டிப் பார்த்தாள். “அரே, கணேஷ்ஜி ஆ கயே!” பிள்ளையார் வந்துவிட்டாராம்! துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கும்பிட்டாள். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கட்டி வெல்லம் கொண்டுவந்து பெட்டி முன்னால் வைத்தாள்.

நீ சிரித்தாய். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாய். “கூப்பிட்டது தம்பிய, வந்தது அண்ணன். வந்தவர வாசல்ல நிக்க வைக்கலாமால?”

“அப்ப உன் முருகன்?” என்றேன்.

“உள்ள இருக்கது யாருன்னு நெனைக்க? என் முருகன், உன் பெருமாள், எல்லாம் ஒரே ஆளுதாம்ல. ஓடு, வீட்ல மாட்டிருக்கியே பெருமாள் படம், அதையும் தூக்கிட்டு வா!”

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அன்றைக்கு மரத்தடியில் பிள்ளையாரும் பெருமாளும் சேர்ந்தே குடியேறினார்கள். நம் பெண்கள் தமிழில் பாட, பஞ்சாபி அம்மாள் இந்தியில் ஆரத்தி பாடினாள். ஆறு மாதம் கழித்து முருகனும் வந்து சேர்ந்தார். அண்ணனை லேசாக நகர்த்தி இடம் போட்டோம்.

இப்போதெல்லாம் எந்தக் கோயில் வாசலிலும், உள்ளே யார் என்று தெரிவதற்கு முன்பே என் கை குவிந்துவிடுகிறது. “யாருன்னு பாத்துட்டுக் கும்பிடக் கூடாதா?” என்று என் மனைவி கேலி செய்கிறாள். கும்பிட்டபடியே உள்ளே போகிறேன்.