விளக்கை மறுத்த கண்

இல்லை ஓட்வார், கைநடுக்கத்துக்குத் தந்த மாத்திரை வேலை செய்யவில்லை என்று நீங்கள் நிறுத்தியது சரியில்லை. முழங்கால் வலி தேவலையா? கர்த்தர் கிருபையால் நான் சுகம்.

நான் பார்த்துக்கொள்ளும் மாலுமிப் பெரியவர் ஐலிஃபுக்கும் உங்கள் வியாதிதானே? பெர்கன் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைச் சோதித்தார்கள். இடப்பக்கம் விளக்கு எரிந்தால் வலப்பக்கம் பார்க்க வேண்டும். மாத்திரை போடாதபோது கண் விளக்கிடமே ஓடியது. போட்டு ஒரு மணி நேரம் கழித்தும் அதே கதைதான்.

"தாடியில என்ன பெரியவரே?" என்றாள் டாக்டரம்மா.

"ரொட்டியும் சீஸும். பொட்டலம் கட்டாம எவன் வீட்டை விட்டுக் கிளம்புவான்?"

"அந்த சீஸுதான் மாத்திரைய வழிமறிக்குது! பாலும் அப்படித்தான்."

மறுநாள் வெறும் வயிற்றில் தந்தார்கள். விளக்கு எரிந்தது. கண் அதைச் சட்டை செய்யாமல் மறுபக்கம் போனது.

"நாப்பது வருஷம் கலங்கரை விளக்கத்தையே தேடின கண்ணு. இன்னிக்கு நான் சொன்னதக் கேட்டுடுச்சே!" என்றார் பெரியவர்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடுகளவு மாத்திரைக்குக் கண் கீழ்ப்படிகிறது என்றால், கண்ணைப் படைத்தவரை என்னவென்று சொல்வது!

என் பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள். கோயிலில் பக்கத்துப் பெண்ணின் புத்தகத்தை எத்தனை ஞாயிறு எட்டிப் பார்ப்பது? தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன்.

உங்கள் போர்க்ஹில்ட்

ஐயோ, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. உங்கள் மாத்திரை டப்பாவில் 'பாலோடு' என்று எழுதி ஒட்டியது நான்தான்.