எல்லாருக்கும் போன செய்தி

4-2-2008

புதுவாயலில் பஸ்ஸுக்கு நின்றே பாதிக் காலை போய்விட்டது.

எங்கள் இறால் பதப்படுத்தும் கம்பெனிக்கு உள் இணையதளம் ஒன்று உண்டு. அதில் அறிவிப்பு ஏற்றுவது என் வேலை. ஆனால் பேக்கிங் பெண்கள் எங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறார்கள்? அதனால் மேனேஜர் வரதன் சாருக்குப் புது யோசனை. நான் அறிவிப்பை ஏற்றினால், தளமே ஊழியர் பதிவு மென்பொருளிடம் செல்போன் எண்களைக் கேட்டு வாங்கி, எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்துக்குத் தள்ளிவிட வேண்டும். மூன்றையும் ஏ.பி.ஐ. வழியாக, அதாவது ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும்படி, இணைக்கும் பொறுப்பு எனக்கும் என்னோடு வேலை செய்யும் பாஸ்கருக்கும். பிடித்த வேலைதான்.

7-2-2008

இணைந்துவிட்டது. எங்கள் இருவர் போனுக்கும் "வணக்கம்" வந்தது. பாஸ்கர் டீ வாங்கித் தந்தான்.

8-2-2008

இன்று அவசர அறிவிப்பைச் சோதித்தோம். மாதிரிக்காக பாஸ்கர் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து வைத்திருந்தான்: குளிர்பதன அறையில் அம்மோனியா கசிவு, உடனே பின்வாசல் வழியாக வெளியேறவும். எந்தப் பிரிவுக்கு என்று ஒரு கட்டம். அதில் 'சோதனை' என்று போட்டால் எங்கள் இருவருக்கு மட்டும் போகும். நான் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டேன். காலி என்றால் யாருக்கும் போகாது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஊழியர் மென்பொருளுக்குக் காலி என்றால் எல்லாரும்.

என் போன் அடித்தது. பக்கத்து மேஜையில் அடித்தது. அப்புறம் வராந்தா முழுக்க.

"ஹுமைரா, இன்னா பண்ண நீ?" என்றான் பாஸ்கர். முகம் வெளுத்துவிட்டது.

பெண்களின் போன் லாக்கரில்தான் இருக்கும். சூப்பர்வைசர் தன் போனைப் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறார். நான் கீழே ஓடியபோது பேக்கிங் ஹால் காலி. தட்டுகள் கவிழ்ந்து தரையெல்லாம் இறால். எல்லாரும் பின்வாசலில் —

பூட்டியிருந்தது. வெளியே பூட்டு. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ள, முன்னால் இருந்தவர்கள் கதவோடு நசுங்கினார்கள். "கேஸ் இல்ல, பொய்தான், கேஸ் இல்ல" என்று கத்தினேன். யாருக்குக் கேட்டது? பேக்கிங் எல்லம்மாவின் கை கதவுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கேஸ் இல்லை என்று நம்பிப் பின்னால் இருந்தவர்கள் விலகிய பிறகுதான் அவள் கையை எடுக்க முடிந்தது.

நிஜமாகவே கசிந்திருந்தால்?

9-2-2008

நேற்று எழுத முடியாமல் விட்டது. பெண்களில் பாதிப் பேர் பதிவில் கொடுத்திருந்தது புருஷன் நம்பர். செய்தி அவர்களுக்கும் போயிருக்கிறது. எல்லம்மாவின் கணவர் செங்கல்வராயன் பழவேற்காட்டு ஏரியில் வலையை விட்டுவிட்டு ஈர லுங்கியோடு வந்து கேட்டில் நின்றார். "உசுரோட கீறாளான்னு மட்டும் சொல்லும்மா."

இருக்கிறாள் என்றேன். அனுப்பியது நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

11-2-2008

வரதன் சார் அறிக்கையை டைப் செய்தே வைத்திருந்தார். கணினிப் பிழையால் பீதி, ஒரு பெண் வழுக்கி விழுந்து காயம். "கையெழுத்து போடும்மா. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

"பின்வாசல் பூட்டியிருந்ததே, சார்."

"இறால் திருடு போவுது. பூட்டாம இன்னா பண்றது? மெசேஜ் அனுப்பினது நீதான?"

நான்தான். அதுவும் உண்மை, பூட்டும் உண்மை. ஒன்றை மட்டும் எப்படி எழுதுவது? நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

12-2-2008

எல்லம்மா வீட்டுக்குப் போனேன். தோள்வரை மாவுக்கட்டு. நான்தான் அனுப்பினேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"உன்ன மன்னிக்கிற அளவுக்கு எனக்கு மனசு இல்ல. அது கெடக்குது. பூட்டு இன்னும் தொங்கிக்கினு கீதா?"

தெரியவில்லை. நான் போய்ப் பார்க்கவே இல்லை. இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை.

13-2-2008

பார்த்தேன். புதுப் பூட்டு. பழையதைவிடப் பெரியது.

14-2-2008

அறிக்கையில் இருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, காலியாக விட்ட கட்டத்தையும் பூட்டையும் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன். புதுப் பூட்டைப் பற்றி எல்லம்மாவுக்கு நேற்றே சொல்லியிருந்தேன். அவள் யாரிடமெல்லாம் சொன்னாளோ, காலையில் பேக்கிங் பெண்கள் ஒருவரும் உள்ளே போகவில்லை. "பூட்ட எடு, வரோம்" என்று கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். வரதன் சார் என்னைப் பார்த்த பார்வையில், என் வேலை போய்விட்டது என்று புரிந்தது.

மத்தியானம் பூட்டை அறுத்தார்கள்.

19-3-2008

மாதக் கடைசியோடு என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆய்வாளர் முன்னிலையில் அவசரமாக வெளியேறும் பயிற்சி. செய்தியில் முதல் சொல்லே 'பயிற்சி'. விரல் பட்டனுக்கு மேலே போய் நின்றுவிட்டது. அழுத்த முடியவில்லை. பின்வாசலில் தன் கணவனின் போனோடு நின்றிருந்த எல்லம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"கதவு?"

"தொறந்து கீது. நடுவுல நான்தான் நின்னுக்கினு கீறேன். அனுப்பு."