கியரைப் பற்றி மட்டும்

என் அருமை மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. முறை தவறாதவன் நான். ஆகவே எல்லோரும் நலம். உன் அக்காவுக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை.

பயந்துவிடாதே, நம் காரைத்தான் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தவள் என்று உன் அப்பா அவளைப் பெரியவள் என்பார், உன்னைச் சின்னவள் என்பார். சின்னவள் கடல் கடந்து படிக்கப் போன பிறகு செல்லமெல்லாம் பெரியவளுக்குத்தான். தினமும் குளியல், துடைப்பு, ஒரு சுற்று வந்து பார்வை. "கட்டினவள இப்படி ஒரு நாள் திரும்பிப் பாத்திருப்பாரா?" என்று உன் அம்மா என்னிடம் கேட்கிறாள்.

நோய் இதுதான். கிளம்பும்போதே உதறல். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் கடகடவென்று சத்தம். நம் தெருமுனை மேட்டில் பாதி ஏறியதும் மூச்சு முட்டி நின்றுவிடுகிறாள். சத்தம் கேட்டதுமே எதிர்வீட்டுத் தையற்காரர் கதவைச் சாத்திக்கொள்கிறாராம். இதில் என் கைச்சரக்கு ஒன்றுமில்லை, என் அக்கா, அதாவது உன் அம்மா, சொன்னது. உன் அப்பாவோ, "அவளுக்கு வயசாயிடுச்சுடா. ஏறலன்னா விடு" என்கிறார்.

விடுகிற ஆளா நான்? என் காது எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பாதியில் என்னை விட்டு ஓடிப்போனாலும் காது என்னோடுதான் இருந்தது. ஒரு முறை பேருந்தின் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டே, "மூணாவது சிலிண்டர் அடிக்கல" என்று கத்தினேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏதோ ஒரு கல்லூரியில் அதைப் பாடமாகவே வைத்துவிட்டார்கள் என்று கேள்வி.

பெரியவளைப் பட்டறைக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் நம்ம ஆள். என்னிடம்தான் தொழில் கற்றான், அது அவனுக்கே தெரியாது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம், எரிந்த நிறம் அழகான பழுப்பு. ஏர் ஃபில்டரை மாற்றினோம். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினோம். பெட்ரோல் வரும் குழாயில் அடைப்பில்லை, புகை போகும் குழாயிலும் இல்லை. டைமிங் பார்த்தாயிற்று, கம்ப்ரஷன் பார்த்தாயிற்று. நாலு சிலிண்டரும் நாலு பயில்வான்கள். பிறகு பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரையும் உள்ளே திணித்துக்கொண்டு மேட்டில் விட்டேன். கன்றுக்குட்டி மாதிரி துள்ளி ஏறினாள். "அண்ணே, வண்டி கல்லு மாதிரி இருக்கு. உங்க மச்சானோட காதத்தான் கழட்டிப் பாக்கணும்" என்றான் அவன்.

வெற்றி வீரனாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். மறுநாள் காலை வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அதே உதறல், அதே கடகட. உன் அப்பா கடைக்குக் கிளம்பியிருக்கிறார். மறுபடியும் நான் எடுத்து ஓட்டினேன், தேன் மாதிரி போகிறாள். நான் தொட்டால் பாடுகிறாள், அவர் தொட்டால் இருமுகிறாள். இதென்னடா வம்பு?

அப்படியானால் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்காருவதுதான். ஆனால் பக்கத்தில் இடம் ஏது? கொஞ்ச காலமாகவே முன்சீட்டில் பழைய பேப்பர் மூட்டை, குடை, கிழிந்த போர்வை என்று ஒரு குடும்பமே குடியிருக்கிறது. அக்காவைப் பின்னால்தான் ஏற்றுகிறார். அவளும் மகாராணி மாதிரி உட்கார்ந்து போகிறாள். சாயங்காலமானால் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, வண்டியத் திருப்பி வாசலப் பாத்த மாதிரி நிறுத்திட்டுப் போடா" என்பார். என் ஸ்டியரிங் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப் போயிருந்தேன். ரிவர்ஸ் போடாமல் கிளம்பத்தான் அந்த ஏற்பாடு என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை.

மருமகளே, மாமா சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று உன் அப்பா உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியும். இதுவரை எழுதியதில் தாராளமாகக் கழித்துக்கொள். அந்தப் பேருந்து டிரைவர் அழவில்லை, என்னை இறக்கிவிட்டுவிட்டார். ஆனால் இதற்குக் கீழே எழுதுவதில் ஒரு எழுத்தையும் கழிக்காதே.

போன வாரம் அந்த மூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அக்கா வரவில்லை. "இறங்குடா" என்றார் உன் அப்பா. இறங்கவில்லை. சாவியைத் திருகினார்.

பெரியவளின் கியர் எப்படி என்று உனக்கு மறந்திருக்காது, நீயும் அதில் பழகியவள்தானே. நடுவில் சும்மா நிற்கிறதை நேரே முன்னால் தள்ளினால் மூன்று. அதற்கு உள்ளங்கை போதும். ஒன்றில் போட வேண்டுமானால் விரல்களால் பிடித்து, இடப்பக்கம் சாய்த்து, ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே தள்ள வேண்டும். விரல்கள் பிடிக்க வேண்டும்.

பெரியவள் மூன்றில் கிளம்பினாள். மூன்றிலேயே தெருவைக் கடந்தாள். மூன்றிலேயே மேட்டில் ஏறப் பார்த்தாள். எந்த என்ஜின் தாங்கும்? உதறி, கடகடவென்று அடித்துக்கொண்டு, நின்றுபோனாள். கியரின் தலைமேல் ஒரு மணிக்கட்டு கிடந்தது. அதற்குமேல் எழுத எனக்கு அனுமதியில்லை.

பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். "பாத்தியா, இழுக்கல" என்றார் உன் அப்பா, என்னைப் பார்க்காமல். "க்ளட்ச மிதிங்க மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வலது கையை நீட்டி ஒன்றில் போட்டேன். ஒரு முனகல் இல்லாமல் ஏறிவிட்டாள். மேலே போனதும் "ரெண்டு" என்றார். போட்டேன். "மூணு" என்றார். கடைத்தெரு முழுக்க அப்படியே போய் வந்தோம். "நல்லாத்தான் போடுற" என்றார். இத்தனை வருடத்தில் என்னை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பாராட்டாமலே இருந்திருக்கலாம்.

வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்திவிட்டு, "கையப் பத்தி சின்னவளுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது. படிப்பப் போட்டுட்டு ஓடி வந்துடுவா. உங்க அக்காவுக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன். "போனா ஓட்டக் கூடாதும்பான். அவ வர்ற அன்னைக்கு நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். நான்தானே கொண்டுபோய் விட்டேன்" என்றார்.

சத்தியம் பண்ணிவிட்டேன். மீறவும் மாட்டேன். கையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை பார், கியரைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் காலையில் தூங்கி எழும்போதே கியர் கனத்துவிட்டதாம். தானாக வந்தது தானாகப் போய்விடும் என்கிறார். இப்போது சட்டைப் பொத்தானும் கியர் மாதிரி கனக்கிறது போலிருக்கிறது, மேல் பொத்தான் இரண்டும் திறந்தே கிடக்கின்றன. காற்றுக்காக என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போதெல்லாம் அவர் வண்டியை எடுத்தால் நானும் ஏறிக்கொள்கிறேன். "வேல வெட்டி இல்லாதவன், எங்க போனாலும் தொத்திக்கிறான்" என்று அக்கா திட்டுகிறாள். திட்டட்டும். ஆனால் எத்தனை நாளைக்கு நான் இப்படிக் கியர் போட்டுக்கொண்டிருப்பது? கியர் இன்னும் கனத்தால்? காலுக்கும் இறங்கிவிட்டால்?

என் பேச்சை அவர் கேட்க மாட்டார். கேட்கும்படி நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்? உன் சொல் ஒன்றுதான் அவரிடம் எடுபடும். கடிதம் கிடைத்ததும் போன் போடு. கையைப் பற்றிக் கேட்காதே, என் சத்தியம் போய்விடும். "அப்பா, பெரியவள ஒன்னுல போட்டு மேட்டுல ஏத்துங்க, நான் சத்தத்தக் கேக்கணும்" என்று கேள். அவர் பேசாமல் இருப்பார். அந்த இடத்தில் நீ டாக்டரைச் சொல்.

படிப்பை விட்டுவிட்டு ஓடி வா என்று நான் எழுதவில்லை. ஓடி வராதே என்றும் எழுதவில்லை. நீ எப்போது வந்தாலும் உன்னை அழைக்கப் பெரியவள் வருவாள். ஓட்டுவது உன் அப்பாதான். முன்சீட்டில் நான் இருப்பேன். நீ பின்னால் அம்மாவோடு உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வா, கியர் பக்கம் மட்டும் பார்க்காதே. மேடு வரும்போது சும்மா ஏதாவது சத்தமாகப் பேசு. அவர் "ஒன்னு" என்று சொல்வது உன் காதில் விழ வேண்டாம்.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை மட்டும் கழிக்காமல் படிக்கச் சொல்லி உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும்
உன் தாய்மாமன்